படுகளம் இல்லாத பாரதம்

செஞ்சியிலிருந்து வடக்கே, வந்தவாசி வட்டத்தில் தேசூரை ஒட்டிக் கிடக்கிறது சீயமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலைப் பார்க்க வரலாற்று மாணவர்கள் அங்கே போவார்கள். முகப்புத் தூணின் மேல் சின்னதாக ஒரு சிவன் ஆடிக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டின் மிகப் பழைய ஆடல் சிற்பங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இந்த வட்டாரத்தின் பெருமை கல்லோடு முடிவதில்லை. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனி தொடங்கி வெயில் காலம் முழுக்க திரௌபதி அம்மனுக்குக் கொடியேறும். பகலில், பாரதியார் என்று அழைக்கப்படும் பாரதப் பிரசங்கி உட்கார்ந்து வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். பழைய செஞ்சி என்று வழங்கும் மேலச்சேரியில் உள்ள கோயிலைத்தான் இந்தப் பக்கத்துத் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் மூலக்கோயில் என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதிக்கு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று பொருள்படவே துணைத்தலைப்பு வைத்தார். ஒரே வீட்டுப் பங்காளிகளின் சண்டையை, ஒரு மருமகளுக்கு நேர்ந்த அவமானத்தை, நாள் கணக்காக ஊரே உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் இங்கே நேற்று வந்ததல்ல. இந்தித் தொலைக்காட்சியின் குடும்பத் தொடரைப் பற்றிப் பேச இந்த மண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தத் தொடர்கள் இங்கே வந்து சேர்ந்த வழியை முதலில் பார்த்துவிடலாம். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. திட்டம் முடிவதற்குள் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் பெட்டி போய்ச் சேர்ந்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் இந்தியில் ஓடிய தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பும் வழக்கமும் வேர்பிடித்தது. ராஜ் டிவியில் ‘மண் வாசனை’, ‘சிந்து பைரவி’, விஜய் டிவியில் ‘என் கணவன் என் தோழன்’ என்று தலைப்பைப் பார்த்தால் வேற்றுமொழிச் சரக்கு என்றே தோன்றாது. முக்காடு போட்ட ராஜஸ்தானத்து மாமியார் வாயைத் திறந்தால் சென்னை டப்பிங் ஸ்டூடியோவின் தமிழ் வரும். உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்படியே போனால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று தமிழ்ச் சின்னத்திரைக் கலைஞர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அது நியாயமான கவலை. ஆனால் பார்க்கிற பெண்ணுக்கு மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை. மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்ற உறவுகளை யாரும் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

‘மண் வாசனை’யையே எடுத்துக்கொள்வோம். கலர்ஸ் தொலைக்காட்சியில் 2008 ஜூலையில் தொடங்கி 2016 ஜூலையில் முடிந்த ‘பாலிகா வது’ தொடரின் தமிழ் வடிவம் அது. ஆனந்தி என்ற சிறுமிக்கும் ஜக்யா என்ற சிறுவனுக்கும் விளையாட்டு வயதில் கல்யாணம் ஆகிறது. கல்யாணம் என்றால் புதுத் துணியும் இனிப்பும் என்று நினைத்த குழந்தை, தாதீசா என்ற பாட்டியின் ஆட்சியில் இருக்கும் பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போய்ச் சேர்கிறது. குழந்தைத் திருமணத்தைத் தேசத்தின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவந்து வைத்த தொடர் அது; முதல் ஓரிரு ஆண்டுகள் அதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் ஒரு சிறுமி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நிற்கிற காட்சி ஒன்று போதும், சாரதா சட்டம் என்ற பெயரில் 1929-இலேயே சட்டம் வந்தும் இந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துவிடும். பிறகு ஆனந்தி வளர்ந்தாள். கணவன் பட்டணத்துக்குப் படிக்கப் போய் வேறொருத்தியை மணந்தான். ஆனந்தி தன் காலில் நின்றாள், ஊர்த்தலைவி ஆனாள், ஒரு கலெக்டரை மறுமணம் செய்துகொண்டாள். பெற்றவர்கள் மூடிய கதவு அவளுக்குத் திறந்துவிட்டது. கதை சொல்ல வந்த செய்தி அங்கே நிறைவுபெற்றுவிட்டது. ஆனால் தொடர் நிறைவு பெறவில்லை. ஆண்டுகள் ஓடின. ஆனந்தியின் மகள் கடத்தப்பட்டாள், வேறு பெயரில் வேறு வீட்டில் வளர்ந்தாள், அந்தக் குழந்தைக்கும் சிறுவயதிலேயே தாலி கட்டினார்கள். எந்தக் கொடுமையை எதிர்த்து ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் செலவழித்தார்களோ, அதே கொடுமையை அவள் பெற்ற குழந்தையின் தலையில் மறுபடி ஏற்றினார்கள். ஏன்? கதை முடியக் கூடாது. அது ஒன்றுதான் காரணம்.

நான் சொல்ல வருவது இதுதான். குடும்பத் தொடர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் குறைகள் குறி தவறியவை. வடநாட்டுச் சரக்கு என்கிறோம், இழுவை என்கிறோம், ஒரே அழுகை என்கிறோம், வில்லிகளும் பொட்டும் என்கிறோம். இவற்றில் எதுவுமே அடிப்படைக் கோளாறு அல்ல. முடிவு என்ற ஒன்று இல்லாமலேயே கதையைத் தொடங்குகிறார்களே, கோளாறு அங்கே இருக்கிறது. அநியாயம் ஒன்றை நம் முன்னால் கொண்டுவந்து வைத்து, அது தீரும் நாளைச் சொல்லாமல் விடுவது, கதை கேட்பவருக்குச் செய்கிற நம்பிக்கை மோசடி. இதைப் புரிந்துகொள்ள செஞ்சிப் பக்கத்துக் கூத்துக்களரியைவிட நல்ல இடம் இல்லை.

சூதாட்டத்தையும் துகிலுரிப்பையும் ஆடிக்காட்டும் ‘பகடை துகில்’ நடக்கிற இரவை நினைத்துப் பாருங்கள். பத்து மணிக்கு, கூத்தை அறிமுகம் செய்து நடத்தும் கட்டியக்காரன் வருகிறான், முகவீணையும் மிருதங்கமும் சேர்கின்றன. திரைக்குப் பின்னால் காலில் சலங்கையோடு துரியோதனன் நிற்கிறான். நடுச்சாமம் தாண்டித்தான் துச்சாதனன் கை திரௌபதியின் கூந்தலில் விழும். அந்த நேரத்தில் முன்வரிசையில் உறங்கிக்கொண்டிருந்த கிழவிகள்கூட எழுந்து உட்காருவார்கள். துரியோதனன் தொடை இரத்தத்தைப் பூசித்தான் இந்தக் கூந்தலை முடிப்பேன் என்று அவள் சபதம் செய்கிறாள். அந்தக் கணத்திலிருந்து ஊருக்கு ஒரு கணக்கு தெரியும். அருச்சுனன் தபசு வரும், அன்று பனைமரம் நட்டு அதன்மேல் ஏறிப் பாடுவார்கள். கீசக வதம் வரும், கிருஷ்ணன் தூது வரும், அபிமன்யு போவான், கர்ண மோட்சம் நடக்கும். கடைசி நாள் காலை, வெட்டவெளியில் களிமண்ணால் பல பாக நீளத்துக்கு மல்லாக்கப் படுத்த துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். முறுக்கிய மீசை, விழித்த கண், வண்ணம் தீட்டிய மார்பு. அந்த மண்ணுடம்பின் மேலேயே ஏறி ஓடி, வீமனும் துரியோதனனும் சண்டை போடுவார்கள். தொடை பிளக்கும், செந்நீர் தெறிக்கும், திரௌபதியின் கூந்தல் முடியப்பட்டு அதில் பூ ஏறும். பிறகு அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். மாலையில் தீமிதி. காலையில் நடக்கும் அந்த மண்ணுடம்புச் சடங்குக்குப் பெயர் படுகளம். எட்டு, பத்து நாளுக்கு முன்னால் விரிந்த கூந்தல் இன்ன நாளில் முடியப்படும் என்ற உறுதி இருப்பதால்தான் ஊர் அவள் அழுகையைத் தாங்கிக்கொள்கிறது. படுகளத்துக்கு நாள் குறிக்காமல் யாரும் கொடியேற்றுவதில்லை.

நீளம் குற்றமில்லை என்பதற்கு நம் பத்திரிகை உலகமே சாட்சி. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடங்கி 1954 வரை மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் வந்தது. அது முடிந்தபோது வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இன்னாருக்கு என்ன ஆயிற்று, அன்னார் எங்கே போனார் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரையில் அவர்களுக்குப் பதில் சொன்னாரே தவிர, அவர்களுக்காக இன்னொரு மூன்றரை ஆண்டு வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றி அலையவிடவில்லை. சின்னத்திரையிலும் இது நடக்காததல்ல. 2002-இல் வந்த ‘மெட்டி ஒலி’ 800 எபிசோடு ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் வீட்டுக் கவலைகள் ஒவ்வொன்றாகக் கனிந்து, ஓர் இடத்தில் வந்து நின்றன. இன்றும் மக்கள் அந்தத் தொடரைப் பெயர் சொல்லி நினைப்பதற்கு அதன் பாட்டு மட்டும் காரணமல்ல. இந்தி என்பதும் குற்றமில்லை. சரக்கு இரண்டு திசையிலும் போய் வருகிறது. சன் டிவியின் ‘திருமதி செல்வம்’தான் 2009-இல் இந்தியில் ‘பவித்ர ரிஷ்தா’ ஆயிற்று. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ அங்கே போய் ‘பாண்ட்யா ஸ்டோர்’ ஆயிற்று. வங்காளத்து ‘ஸ்ரீமோயீ’ இங்கே ‘பாக்கியலட்சுமி’யாகவும் இந்தியில் ‘அனுபமா’வாகவும் 2020-இல் ஒரே மாதத்தில் பிறந்தது. தமிழிலேயே ‘கோலங்கள்’ 1,500 எபிசோடைத் தாண்டியது. ‘சந்திரலேகா’ எட்டு ஆண்டு ஓடி 2,000-ஐயும் தாண்டியது. ஆகவே நோய் வடக்கே, ஆரோக்கியம் தெற்கே என்று பங்கு பிரிக்க வழியில்லை.

இந்திக் குடும்பத் தொடர் பிறந்தபோது அதற்கு முடிவு இருந்தது என்பதுதான் நாம் மறந்துவிட்ட செய்தி. தூர்தர்ஷனில் 1984 ஜூலை 7 அன்று ‘ஹம் லோக்’ தொடங்கியது. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே மெக்சிகோவில் பார்த்துவந்த தொடர்கள் அதற்குத் தூண்டுதல். அங்கே மிகேல் சபீதோ என்பவர் முதியோர் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு போன்றவற்றைக் கதைக்குள் வைத்துச் சொல்லும் முறையை வகுத்திருந்தார். மெக்சிகோவின் தொடர்கள் சில மாதங்களில் முடிந்துவிடும். முடியப் போகிற கதை என்று பார்ப்பவர்களுக்கும் தெரியும். மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய ‘ஹம் லோக்’கும் அப்படியே 150 அத்தியாயங்களைக் கொஞ்சம் தாண்டி 1985 டிசம்பரில் முடிந்தது. குடிகாரத் தகப்பன் பஸேசர் ராம், பொறுமையே உருவான தாய் பகவந்தி, கல்யாணம் தள்ளிப்போகும் மூத்த மகள் பட்கீ என்று ஒரு கீழ்நடுத்தரக் குடும்பம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் வந்து அன்றைய கதையைப் பற்றிப் பேசுவார். கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலையைத்தான் அவர் தொலைக்காட்சியில் செய்தார் என்று எனக்குத் தோன்றும். நாலு லட்சம் கடிதங்கள் வந்ததாக, அந்தத் தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்ஸும் எழுதுகிறார்கள். அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் கொஞ்சம் அதிர வைப்பது. இப்படி அடங்கிப்போய்த் துன்பப்படாதீர்கள் என்று காட்டுவதற்காகப் படைக்கப்பட்ட பகவந்தியை, பார்த்தவர்களில் பலர் பின்பற்றத் தக்கவளாக எடுத்துக்கொண்டார்கள். திரையில் ஒரு பெண் பொறுத்துக்கொண்டே இருந்தால், பொறுமைதான் பாடம் என்று பார்ப்பவர் மனம் எழுதிக்கொள்கிறது. ஒன்றரை ஆண்டில் முடிந்த தொடரிலேயே இப்படி என்றால், எட்டு ஆண்டு பொறுப்பவளைப் பார்த்தால் என்ன ஆகும்?

திருப்பம் 2000 ஜூலை 3 அன்று வந்தது. அன்று ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சனின் ‘கோன் பனேகா குரோர்பதி’யும், பாலாஜி டெலிஃபிலிம்ஸின் ‘க்யோங்கி சாஸ் பி கபி பஹூ தி’யும் ஒன்றாகத் தொடங்கின. வாரம் ஒன்றிரண்டு நாள் என்ற வழக்கம் போய், வாரநாள் எல்லாம் தொடர் என்ற வழக்கம் நிலைபெற்றது. விரானி வீட்டு மருமகள் துளசியாக ஸ்மிருதி இரானி நடித்தார். 2008 நவம்பர் வரை 1,833 எபிசோடுகள். கணவன் மிஹிர் இறந்தபோது பார்வையாளர்கள் கொந்தளித்தார்கள், அவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். இருபது ஆண்டு ஒரே தாவாகத் தாவினார்கள். பேரன் பேத்திகள் கல்யாண வயதுக்கு வந்தார்கள். வீட்டுப் பெரியவளான பா மட்டும் அப்படியே இருந்தாள். தொழிலில் இதற்கு ‘லீப்’ என்று பெயர். ஒரு தலைமுறைக் கதை வற்றியதும் காலத்தைத் தாண்டிக் குதித்து, பிள்ளைகளைக் கதாநாயகர்களாக்கி, அதே வீட்டில் அதே சண்டையை மறுபடி தொடங்குவது. நடிகர் விலகினால், நம் சேனல்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு பட்டை ஓடும், கதை நிற்காது. மெக்சிகோவிடம் கடன் வாங்கிய வடிவத்தைக் கைவிட்டு, அமெரிக்காவின் பழைய வடிவத்துக்கு நாம் போனது இப்படித்தான். அங்கே சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்து வளர்த்ததால்தான் ‘சோப்’ என்ற பெயரே வந்தது. 1937-இல் வானொலியில் தொடங்கிய ‘கைடிங் லைட்’ தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை ஓடியது.

இதற்கு யாரையும் தீயவர் என்று சொல்ல வேண்டியதில்லை, கணக்கு அப்படி. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அந்த நிமிடங்களை விற்றுத்தான் சேனல் பிழைக்க வேண்டும். எந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள் என்பதை, நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் வைத்த மீட்டரைக் கொண்டு பார்க் என்ற அமைப்பு வாரந்தோறும் வெளியிடுகிறது. வியாழக்கிழமை வரும் அந்த எண்தான் அடுத்த வாரக் கதை. ஓடிக்கொண்டிருக்கிற தொடருக்கு அந்த ஸ்லாட்டில் எண் என்னவென்று தெரியும். புதுத் தொடருக்குத் தெரியாது. செட் போட்டாயிற்று, முகங்கள் பழகியாயிற்று, புதிதாக ஒன்றைப் பழக்கக் காசும் மாதங்களும் ஆகும். எண் நன்றாக இருந்தால் முடிக்க மனம் வராது, எண் விழுந்தால் முடிக்க நேரம் இருக்காது. நன்றாகப் போகும் கதை நீட்டப்படும், மோசமாகப் போகும் கதை பாதியில் வெட்டப்படும். இரண்டுக்கும் நடுவே, கதை தானாகப் பழுத்து விழும் நாள் என்று ஒன்று வருவதே இல்லை. அதனால்தான் திரையில் அந்த விசித்திரமான நேரம் நடக்கிறது. ஒருத்தி ஒரு வார்த்தை சொல்கிறாள். இடி இடித்தது போல இசை. மாமியார் முகம், பெரிய மருமகள் முகம், கொழுந்தன் முகம், மாடிப்படியில் நிற்கிற நாத்தனார் முகம், ஒவ்வொன்றும் மூன்று முறை. சொன்னவள் முகத்துக்குத் திரும்பி வருவதற்குள் விளம்பர இடைவேளை. திரும்பி வந்தால் மறுபடி அதே வார்த்தை. இருபது நிமிடத்தில் வீட்டுக் கூடத்தை விட்டு யாரும் நகரவில்லை. எழுத்தாளருக்குத் திறமை இல்லாமல் வந்ததல்ல இது. எங்கே போய்ச் சேருவது என்று சொல்லப்படாத வண்டியை ஓட்டுபவர் வேறு எப்படி ஓட்டுவார்?

‘யே ரிஷ்தா க்யா கெஹ்லாதா ஹை’ 2009 ஜனவரி 12-இல் தொடங்கி 4,000 எபிசோடுகளைத் தாண்டிய தொடர். உதய்பூர்ப் பெண் அக்ஷராவுக்கும் நைதிக்குக்கும் பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணத்தில் அது ஆரம்பித்தது. பெண் பார்ப்பது, நிச்சயம், சீர், பிறந்த வீட்டை விட்டுப் போகிற நாளின் கண்ணீர் என்று, முன்பின் தெரியாத இரண்டு பேர் மெல்ல மெல்லக் கணவன் மனைவி ஆவதை அது மென்மையாகச் சொன்னது. அந்த நாட்களில் அதற்கு வில்லியே தேவைப்படவில்லை. அந்த நல்ல தொடக்கத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் நிறைவான ஒரு தாம்பத்தியத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான எபிசோடுகள் ஓட்ட முடியாது. எனவே அக்ஷரா விபத்தில் இறக்க வேண்டியதாயிற்று. மகள் நைரா வந்தாள், கார்த்திக்கோடு சேர்ந்தாள், பிரிந்தாள், சேர்ந்தாள், அவளும் போனாள். நைராவின் மகளுக்கும் அக்ஷரா என்றே பெயர். பிறகு அவள் மகள் அபிரா. தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி கிடைக்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தொடரின் இயந்திரத்துக்கு அவசியமாகிவிட்டது. மகிழ்ச்சி வந்தால் கதை நின்றுவிடும் என்ற பயம் அதை எழுதுபவர்களைத் துரத்துகிறது. பார்த்துக்கொண்டே இருப்பவருக்கும் அது மெல்ல ஒட்டிக்கொள்கிறது. திரையில் யாராவது சிரித்தால், ஐயோ என்ன வரப்போகிறதோ என்று மனம் பதறுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றில் வலுவானதை முதலில் எடுக்கிறேன். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2001-க்கும் 2003-க்கும் இடையே, தமிழ்நாடு உள்பட ஐந்து இடங்களில் கிராமத்துக்குக் கேபிள் வந்ததும் பெண்கள் நிலையில் என்ன மாறுகிறது என்று பார்த்தார்கள். மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்ணின் பங்கு கூடியது, குழந்தைப்பேறும் குறைந்தது. ‘க்யோங்கி’ போன்ற தொடர்கள் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. தொடர்கள் பெண்களை அடிமையாக்குகின்றன என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஆய்வைத் தள்ளிவிட முடியாது, நானும் தள்ளவில்லை. வேறு விதமாக வாழும் பெண்களைப் பார்ப்பதே ஒரு கதவைத் திறக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது, பெட்டி இல்லாத ஊருக்குப் பெட்டி வந்த முதல் சில ஆண்டுகளை. புது உலகம் ஒன்று கண்ணில் படும் காலம் அது. கதைக்கு இவ்வளவு வலு உண்டென்றால், அந்தக் கதை எங்கே போய் நிற்கிறது என்பதற்கும் வலு இருக்கத்தானே வேண்டும்? ஆனந்தி மறுமணம் செய்துகொண்ட இடத்தில் நின்றிருந்தால் ஒரு செய்தி. அவள் மகளுக்கும் குழந்தை வயதில் தாலி ஏறிய பிறகு வேறு செய்தி. சட்டமும் படிப்பும் போராட்டமும் வந்தாலும் விதி திரும்பி வரும் என்பது அந்த இரண்டாவது செய்தி.

தெய்வ காரியத்தைச் சீரியலோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கலாம். கூத்து வழிபாடு, அதன் முடிவு சடங்கு, அதைத் தொலைக்காட்சியிடம் எதிர்பார்ப்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி. பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 முதல் 1990 வரை அதே தொலைக்காட்சியில்தான் வந்தது; 94 அத்தியாயத்தில் முடிந்தது. பார்த்தவர்கள் யாரும் அது சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று பெட்டியை உடைக்கவில்லை. கதைக்கு முடிவு வேண்டும் என்பது சடங்கு போட்ட விதியாக எனக்குத் தெரியவில்லை. கேட்பவர் மனம் கேட்கிற ஒன்றை, சடங்கு புரிந்துகொண்டு ஏற்பாடு செய்திருக்கிறது. படுகளத்தில் திரௌபதி கூந்தலை முடிந்தபின், அடுத்த ஆண்டு மறுபடி பகடை ஆடும்போது அதே கூந்தல் அவிழும், அதுவும் தெரிந்ததே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முழுக் கதை. அவிழ்ந்த கூந்தலோடு அவளை யாரும் ஒன்பது ஆண்டு நிற்கவைப்பதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வாழ்க்கைக்கு மட்டும் முடிவு தெரிகிறதா? மாமியார் பிரச்சினை படுகளத்தோடு தீர்ந்துவிடுகிறதா? பெரும்பாலான பெண்களுக்குத் தொடர் ஒரு கதையாக இல்லை, துணையாக இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில், கணவர் வயலிலோ வேலையிலோ, தனியே இருந்து சோறு வடிக்கும் வீட்டில், இரவு எட்டு மணிக்குத் தவறாமல் வருகிற பழகின முகம் அது. பக்கத்து வீட்டுக்காரி வாழ்க்கைக்கு முடிவு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம். அந்தத் துணையை இகழ எனக்கு மனம் இல்லை, அதை இகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர் அந்த அடுப்படிப் பக்கமே போயிருக்கமாட்டார்கள். ஆனால் துணை தேவை என்பதற்காக, அந்த முகம் ஓயாமல் அழுதுகொண்டே இருக்க வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்கு ஒருநாள் கல்யாணம் நன்றாக முடிகிறது, கடன் அடைகிறது, கோர்ட்டுத் தீர்ப்பு வருகிறது. அன்று அவள் வீட்டுக்குப் போய் நாமும் சந்தோஷப்பட்டு வருகிறோம். வாழ்க்கை மொத்தத்துக்கு முடிவு தெரியாவிட்டாலும் அதற்குள் நூறு காரியங்கள் முடிகின்றன. தொடர் தராமல் வைத்திருப்பது அந்த நூறைத்தான்.

தொழிலாளர் நிலையைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு தொடர் ஓடினால் லைட்மேன், மேக்கப்காரர், டப்பிங் கலைஞர், துணை நடிகர் என்று பல குடும்பங்களில் அடுப்பெரிகிறது. நீண்ட தொடர் என்றால் அவர்களுக்கு நிலையான பேட்டா. முடித்துவிடுங்கள் என்று வெளியே உட்கார்ந்து எழுதுவது சுலபம். ஆனால் ஸ்லாட் காலியாக இருக்கப்போவதில்லையே. ஒரு கதை முடிந்தால் அந்த இடத்தில் வேறு கதை வரும், அதற்கும் விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும். இன்ன நாளில் முடியும் என்று தெரிந்த தொடர், வியாழக்கிழமை எண்ணைப் பார்த்துத் திடீரென்று நிறுத்தப்படும் தொடரைவிட அந்தத் தொழிலாளிக்கு எவ்வளவோ மேல். கூத்து வாத்தியார்கள் தங்கள் செட்டோடு ஓர் ஊரில் படுகளம் முடித்து, வேஷப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்க் கொடியேற்றத்துக்குப் போகிறார்கள். எத்தனையோ தலைமுறையாக அவர்கள் தொழில் நடந்துவருவது அப்படித்தான்.

2025 ஜூலை 29 அன்று ‘க்யோங்கி’ மறுபடி வந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து அதே துளசி, அதே ஸ்மிருதி இரானி. வருவதற்கு முன்னால், இது வரையறுத்த எண்ணிக்கையோடு வரும், பழைய கணக்கோடு சேர்த்து 2,000-ஐ எட்டுவதுதான் நோக்கம் என்ற பேச்சு எழுந்தது. எண்ணைவிட அந்தப் பேச்சுதான் என் கவனத்தை இழுத்தது. இந்தியாவில் முடிவில்லாத் தொடரை நிலைபெறச் செய்த வீட்டிலேயே, கதைக்கு ஒரு கடைசி நாள் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு எழுந்திருக்கிறது. நம் வார இதழ்களில் தொடர்கதையின் கீழே ‘அடுத்த இதழில் முடியும்’ என்று ஒரு வரி போடுவார்கள். அதைப் படித்ததும் வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய இதழ்களை எடுத்து விட்ட இடங்களைப் படித்துவிட்டு, அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார். இரவு எட்டு மணித் தொடர் ஒன்றின் கீழே, வில்லி செத்தாலும் சாகாவிட்டாலும், இன்னும் முப்பது நாளில் முடியும் என்று அப்படி ஒரு பட்டை ஓடட்டும். சீயமங்கலத்திலும் செஞ்சியிலும் அதைப் பார்ப்பவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்காது.